சொல்லிவிட்டுப் போன தலைவலி

தொண்ணூறுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் என் முதல் பிரசவம். ஆபரேஷன்தான் என்று ஆனதும், மயக்க ஊசி போடும் டாக்டருக்குப் போன் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபரேஷனை முடித்த கையோடு, தலையெல்லாம் புழுதியாக பைக்கில் வந்து இறங்கினார்.

முதுகில் முதல் குத்து சரியாக இறங்கவில்லை. மறுபடி குத்தினார். பெண் குழந்தை பிறந்து, அம்மா எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது என் கட்டிலருகே வந்து நின்றார்.

"ரெண்டு தடவை குத்தும்படி ஆயிருச்சும்மா. உனக்குச் சின்ன வயசு, ஒல்லி உடம்பு வேற. குத்தின எடத்துல தண்டுவட நீர் கசிஞ்சு, நாளைக்கோ மறுநாளோ எந்திரிச்சு உக்காந்தா தலை வலிக்கும். படுத்தா விட்டுரும். பயந்துராத."

அவர் போனதும் அம்மா பொரிந்தாள். "நல்ல நேரத்துல நல்ல வாக்கு சொல்ல வராதோ அவியளுக்கு?" எனக்கும் எரிச்சல்தான். வராத வலிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பானேன்?

சொன்னபடியே மறுநாள் வந்தது. பால் கொடுக்க உட்கார்ந்தேன். பின்மண்டையும் கழுத்தும் இறுகிக்கொண்டன. குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சாய்ந்தேன், வலி இல்லை. உட்கார்ந்தால் மறுபடி வந்தது. படுத்தபடி கொடுக்கலாம் என்றால், பால் காதில் இறங்கிச் சீழ் வைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். குழந்தை பசியில் கத்திக் கத்திச் சிவந்தது. நானும் அழுதேன்.

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சலும் பிதற்றலுமாகச் சன்னி கண்டால் குழந்தையை அவளிடம் விடமாட்டார்கள். அந்தப் பயம் எங்கள் இருவருக்குமே இருந்தது.

"ஏட்டி, படுத்தா வலி விட்டுருதா?"

தலையாட்டினேன்.

"அப்ப அவிய சொன்ன வலிதான். சன்னி இல்ல."

இதையே வலி வந்த பிறகு சொல்லியிருந்தால், டாக்டர் சமாளிக்கிறார் என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். யாரும் கேட்காமலே தன் கை தவறியதை முன்கூட்டிச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

அம்மா குழந்தையை என் பக்கத்தில் கிடத்தினாள். காதுப் பயம் மட்டும் போகவில்லை. தன் உள்ளங்கையைக் குழந்தையின் தலைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி, பால் குடித்து முடிக்கும்வரை குனிந்தே நின்றாள்.

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். அந்தக் கையைப் பார்த்தார். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டு, அந்தத் தலைவலிக்குக் கேட்கும் என்று எனக்குக் காபி சொல்ல வெளியே போனார்.