பதினேழாம் பாட்டில்

முனைவர் பட்டத்துக்காகக் காஞ்சிபுரத்தில் பட்டுச் சாயப்பட்டறைகளை ஒட்டிய கிணறுகளின் தண்ணீரை ஆராய்ந்தேன். பதினேழாம் பாட்டிலில் இருந்தது செல்வி அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அவரே இறைத்து ஊற்றிவிட்டு, "தண்ணி எப்பிடிமா இருக்குது?" என்பார். "ரிசல்ட் வரட்டும்க்கா" என்பேன்.

ரிசல்ட் வந்தது. குடிக்கவே கூடாத தண்ணீர். கட்டுரை அச்சாகும்வரை வெளியே சொல்லக் கூடாது என்றார் என் நெறியாளர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பட்டம் கிடைத்ததும் இனிப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் டயாலிசிஸ் முடிந்து சுருண்டு படுத்திருந்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கினேன், ஆனால் குடிக்க முடியவில்லை. அதை அவர் பார்த்துவிட்டார்.

"தண்ணி சரியில்லியாமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீ ஒண்ணும் சொல்லலியேன்னு நல்ல தண்ணின்னு நெனச்சிக்கினோம்மா. கேன் வாங்கறதக்கூட நிறுத்திட்டோம்."

அக்கா கணவரின் நோய்க்கு அந்தத் தண்ணீர்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ரிசல்ட் வந்த பிறகும் அந்தத் தெருவுக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குடிக்க வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனேன். யாருக்கும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.