மான் தின்னாத வைகாசி

வெள்ளிக்கிழமை விடியலில் இறால் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது சாவுச் சேதி வந்தது. "மாமா, மாரி அண்ணன் பூட்டாரு." ஏலம் விட்டவன் மூச்சுகூட நிறுத்தவில்லை. மதியத்துக்குள் தெருமுனையில் ஊர்க்காரர்கள் வைத்த பேனர் நின்றது. ‘ஊரின் உத்தமர்’ என்று போட்டிருப்பதாகப் பேத்தி படித்துச் சொன்னாள். எனக்குப் படிக்கத் தெரியாது; மறக்கவும் தெரியாது. நான் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள்.

மாரி என் தங்கை புருஷன். அவனை அறிந்தவர்களுக்கு அந்த மானையும் தெரியும். தீவுக்காட்டிலிருந்து ஏரியை நீந்திவந்து எங்கள் கோயில் சவுக்குத் தோப்பில் தங்கிவிட்ட ஆண் புள்ளிமான். அம்மன் அனுப்பியது என்றார்கள். காலைப் படையலை அது தின்ற பிறகே படகு இறங்க வேண்டும் என்று வழக்கமும் வைத்தார்கள். வைகாசி வரும்வரை தொல்லையில்லை. விடிந்ததும் படையல், பிறகு உதிர்ந்த வேலங்காய். வெயில் ஏறினால் நிழலில் படுத்து அசைபோடும். பொழுது சாய்ந்தால் கரைப்புல்.

போன வருஷத்துக்கு முந்தின வைகாசியில் அது படையல் இலையைத் தொடவில்லை. புல்லில் இரண்டு வாய் கடிக்கும், தலையைத் தூக்கித் தீவைப் பார்த்துக் கத்தும், கொம்பைச் சவுக்கில் தேய்க்கும். விலா எலும்பு தெரிந்தது. அம்மனுக்குக் கோபம் என்று ஊர்த் தலைவர் படகுகளை நிறுத்தினார்.

கூட்டத்தில் மாரி சிரித்துவிட்டான். "அதுக்கு சோறு வோணாம் நைனா, ஜோடி வோணும். பருவம் வந்த ஆம்பள மானு இப்டித்தான் பட்டினி கெடக்கும். கண்ணாலத்துக்கு மொத நாளு நீ இன்னா துன்னே?" பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. தலைவர் முகம் கறுத்தது.

மறுநாள் மாரிக்குப் பாடு. எங்கள் ஏரியில் வலை போடும் இடம் முறைவைத்துத்தான் கிடைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தவறவிட்டால் போனதுதான். அவன் வீட்டில் அரிசி இல்லை. "மானுக்குப் பசி இல்ல மச்சான், என் புள்ளைங்களுக்குக் கீது" என்று சொல்லிவிட்டுப் படகை இறக்கினான்.

அன்று மாலையே பாடு வரிசையிலிருந்து அவனை நீக்கினார்கள். நான் கத்தியது எவன் காதிலும் ஏறவில்லை. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? வயிறு காய்ந்ததும் பரிகாரம் என்று ஒரு பூசை போட்டு, மான் தின்னாமலேயே எல்லாப் படகையும் இறக்கினார்கள்! மாரி செய்தால் குற்றம், ஊர் செய்தால் பரிகாரம். பருவம் தணிந்ததும் அந்த மான் படையலோடு பூசாரியின் மாலையையும் சேர்த்துத் தின்றது. மாரிக்கு மட்டும் பாடு திரும்பவில்லை. நெஞ்சு அடைத்துச் சாகும்வரை அடுத்தவன் வலையைத்தான் கூலிக்கு இழுத்தான்.

சாவுக்குத் தலைவர் பெரிய மாலையோடு வந்தார். "நல்ல மனுசன், இன்னா பண்றது" என்றார். என் தங்கை தலையை நிமிர்த்தினாள். "மாலைய எத்துனு போ. என் புள்ளைக்குப் பாடு குடு."

அவர் செருப்பைத் தேடினார்.

மாரியிடமிருந்து எனக்கு மிச்சம், தலைவரின் முகத்துக்கு நேரே பேசும் அந்த வாய்தான். வருகிற கூட்டத்தில் பாடு பிரிக்கும்போது அவன் மகன் பெயரைச் சொல்வேன். சேர்க்க முடியாது என்றால், என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்பேன்.