காலி மெஷின்

ஒருவருக்குக் கைகொடுக்கிறவர், அந்த ஆளுக்காகப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவரா? பீர்க்கன்கரணை வாஜித்தைக் கொஞ்ச நாள் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி எழும். அவர் வாயிலிருந்து இதற்கு விடை வந்ததில்லை.

மேற்குத் தாம்பரத்தில் அவருக்குக் கணினி பழுதுபார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை அது வேறு வேலைக்குத் திறந்திருக்கும். பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கும் ஒரு கட்டற்ற இயங்குதளத்தில் அவர் உறுப்பினர். ஒரு மென்பொருளை முறையாகப் பொதி கட்டி அதில் சேர்த்துவிட்டால், எந்த ஊர்க்காரரும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம். புதியவர்கள் நேரே சேர்க்க முடியாது. உறுப்பினர் ஒருவர் சோதித்து, தன் மின்கையெழுத்தைப் போட வேண்டும். ஆறு ஆண்டுகளில் இருபத்து மூன்று பேருக்கு வாஜித் போட்டிருந்தார்.

பொறுமைசாலி என்று அவரைச் சொல்ல முடியாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. கடை மூலையில் ஒரு பழைய கணினி. இயங்குதளத்தைத் தவிர அதில் எதுவும் இராது. காலி மெஷின் என்பார்கள். வருகிற பொதியை அதில் கட்டி ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

ஊரப்பாக்கத்துக் கணித ஆசிரியை சரோஜினி 2008 கடைசியில் வந்தார். தன் பெண்கள் பள்ளிக்கு வகுப்பு அட்டவணை போடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். டீச்சர் பென்டிரைவில் கொண்டுவருவதையெல்லாம் பள்ளிக் கணினிகளில் ஏற்ற முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஜூனில் இயங்குதளத்தின் புதிய குறுந்தகட்டைப் போடும்போது அதிலேயே இருந்தால் சரி. இல்லாவிட்டால் பழையபடி அட்டையும் பென்சிலும்தான். புதிய பதிப்புக்கான கதவு பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மூடும்.

முதல் நான்கு தடவையும் பொதி திரும்பி வந்தது.

"என் வீட்ல நல்லா ஓடுச்சே தம்பி."

"உங்க வூட்ல ஓடும் டீச்சர். அங்க எதெதையோ முன்னாடியே போட்டு வெச்சிருக்கீங்க, அதும்மேல குந்திகினு கீது. இங்க இன்னா கீது? ஒண்ணுமில்ல."

ரயிலில் திரும்பும்போது, வகுப்பில் 'இது சுலபம்' என்று தான் சொல்லிக் கடந்துபோன கணக்குகள் சரோஜினிக்கு நினைவு வந்தன. யாருக்குச் சுலபம் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு காலையில் ஐந்தாம் முறையும் திரும்பியது. காலி மெஷினில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக வந்தன. வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு நாலரைக்குத் திரும்பினார். பென்டிரைவைக் கொடுத்த கையோடு மின்சாரம் போயிற்று.

வாஜித்தின் மேஜைக் கணினி யூபிஎஸ்ஸில் இருபது நிமிடம் தாங்கும். காலி மெஷினில் சோதிக்க முக்கால் மணி நேரம் ஆகும். கையெழுத்துப் போட்டு அனுப்ப ஐந்து நிமிடம் போதும்.

பக்கத்துப் படச்சட்டக் கடையிலிருந்து சுஃபியான் வந்து எட்டிப்பார்த்தான். வாஜித்தின் மனைவி இரமுக்குத் தம்பி.

"பேஜாராச்சா டீச்சர்? போன கரண்ட்டு ஏழு மணிக்கு முன்ன வராது. எனக்கும் இதே கதைதான், 2005ல. தொழுகை நேரம் காட்ற ப்ரோக்ராம். கடைசி நாளு காலி மெஷின் படுத்துகிச்சு. சொந்த மச்சான்! ஒரு கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. அத்தோட நானும் விட்டுட்டேன்."

வாஜித் பென்டிரைவை மேஜைக் கணினியில் செருகினார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் தம்பி என்று சொல்ல சரோஜினி வாயெடுத்தார். சொல்ல வரவில்லை.

"காலையில இருந்து இத ஒண்ணத்தான மாத்துனீங்க?"

"ஒண்ணுதான்."

"நல்லா தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"எல்லாரும் இத்தத்தான் சொல்றாங்க" என்றார் வாஜித். பிறகு கடவுச்சொல்லைத் தட்டி, கையெழுத்திட்டு, அனுப்பினார்.

"இன்னா மச்சான், சட்டம் எனக்கு மட்டுந்தானா?"

"அந்த யூபிஎஸ்ஸ ஆஃப் பண்ணு. கத்துது."

ஜூனில் பள்ளியின் பத்துக் கணினிகளிலும் நிரல் ஓடியது. ஒரு பிழையும் இல்லை. அச்சிட்ட முதல் அட்டவணையைச் சரோஜினி கடைக்குக் கொண்டுவந்தார். வாஜித் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வெள்ளிக்கிழம கடைசி பீரியட் கணக்கா? பொண்ணுங்க பாவம் டீச்சர்."

அதே வாரம் வாஜித் இயங்குதளக் குழுவுக்கு இரண்டு வரி எழுதி, கையெழுத்திடும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, புகாரும் வரவில்லை. இரம் காரணம் கேட்டார். சுஃபியான் கிண்டலாகவும், பிறகு ஒருநாள் கிண்டல் இல்லாமலும் கேட்டான். சரோஜினி கேட்கப் பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வழக்கம்போலத் திறந்தது. புதியவர்கள் கொண்டுவருவதை வாஜித் காலி மெஷினில் கட்டிப் பார்த்தார், திருப்பி அனுப்பினார், மறுபடி பார்த்தார். ஓடிவிட்டால், கையெழுத்துக்குப் பெங்களூரில் இருக்கும் இன்னோர் உறுப்பினரின் மின்னஞ்சல் முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.