எஞ்சினுக்கு அரைத்த வேப்பிலை

எஞ்சினுக்கு வந்திருப்பது அம்மைதான் என்று எனக்குத் தோன்றியபோது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு எளிய விஷயம்! இத்தனை பெரியவர்களில் ஒருவருக்குக்கூடப் புலப்படவில்லையே!

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மை போட்டு இறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எல்லாம் உடம்புச் சூடு என்று அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி, மூன்று தண்ணீர் ஊற்றி என்னைத் தேற்றியிருந்தாள். எங்கள் பழைய மினி வேனுக்கும் அதே கதைதானே? சூடேறிப் பெரியபாளையம் சாலையில் ஒருமுறை நின்றது. மெக்கானிக் கேஸ்கெட் மாற்றினார். பத்தே நாளில் மறுபடியும் சூடு; இந்த முறை பிஸ்டன். அந்த வேனில்தான் அப்பா தினமும் ஏழு பெண்களைக் காலை ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் கொண்டுபோய் விடுவார். இன்னொரு முறை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. மூன்று நாள் தண்ணீரோடு அம்மாவின் அந்த மருந்தையும் ஊற்றினேன். முந்தின மாலையே மிக்சியில் அரைத்து ஒளித்து வைத்துவிடுவேன். ரேடியேட்டரின் குழாய்கள் எவ்வளவு மெல்லியவை என்பதைப் பின்னாளில் பாலிடெக்னிக்கில்தான் படித்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. நோயாளி தேறுவதைக் கண்ணால் பார்க்க நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். கவரைப்பேட்டை தாண்டவில்லை. எஞ்சின் அந்தச் சீட்டுக்கு அடியில்தான். முதலில் தொடை சுட்டது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம், குப்பென்று ஆவி, பின்னால் ஏழு பேரின் அலறல். வேன் உலுக்கிப்போட்டு நின்றது.

“இன்னாண்ணா, இன்னிக்குமா? கேட்டை மூடிட்டான்னா உள்ள உடமாட்டான்ணா! பாப்பாவ வேற இட்டுனு வந்துகிற!” என்று ஓர் அக்கா கத்திக்கொண்டே குதித்தாள். எல்லோரும் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினார்கள்.

மெக்கானிக் வந்தார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திருகினார். பச்சைக் கூழ் கொழகொழவென்று வழிந்தது. முகர்ந்து பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

“அய்யோ, வேப்பில! எவன்ணா உனக்கு சூனியம் வெச்சது?”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதற்குள் மஞ்சள் ஏறிய என் விரல்களை அப்பா பார்த்துவிட்டிருந்தார்.

“சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான்டா ஊத்துனேன்.”

“நீயா? பைத்தியமாண்ணா புட்ச்சிக்கீது? எஞ்சின் காலி. இனிமே காயலாங்கடைதான்!”

“சூடு எறங்கும்னு ஊத்துனேன்,” என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவும் ஊற்றியிருக்கிறார்! அதே யோசனை, அதே மருந்து, எனக்குத் தெரியாமலே!

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும், திங்கட்கிழமை முதல் வேறு வேனில் ஏறிய அந்தப் பெண்கள் அவரை ‘வேப்பில டிரைவர்’ என்று சொல்லி ஏன் சிரித்தார்கள் என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பும் வழியெல்லாம் நான் தீவிரமாக யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேர் ஊற்றியதில் அளவு மீறிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த முறை அப்பாவிடம் கேட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் ஊற்ற வேண்டும். இலைகூட வேண்டாம், இளநீரே போதும்.