கயிறா பற்றரியா

என் தம்பி கனடாவிலிருந்து அந்த லொறியைக் கொண்டுவந்து இறக்கியபோது அவனை நன்றாகத் திட்டினேன். சண்டை ஓய்ந்து, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். பத்து வருடம் கழித்து வருகிறவன் அக்காவுக்கு ஒரு சேலை, அத்தானுக்கு ஒரு நல்ல சப்பாத்து என்று கொண்டுவருவான் என்று பார்த்தால், பெட்டிக்குள்ளிருந்து வந்தது ஒரு முழ நீளமுள்ள விளையாட்டு லொறி. றிமோட்டில் ஓடுவது. அதுவும் கடையில் விற்கிற பற்றரிச் சாமான் இல்லை. உள்ளே உண்மையான குட்டி எஞ்சின் இருந்தது. நைட்ரோ என்று ஏதோ கலந்த எண்ணெயை ஊற்றினால் புகை கக்கிக்கொண்டு, காது கிழிய அலறிக்கொண்டு பாயும்.

என் கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கடை. இறக்கக்கண்டியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் எஞ்சினை ஓட்டோவில் போட்டுக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அந்தக் குட்டி எஞ்சினைக் கண்டதும் மனிதர் சாப்பாட்டை மறந்தார். தம்பியும் அவரும் லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வெறும் காணியில் முழங்காலில் நின்று அதற்குப் பூசை செய்வதைப் பார்த்தபோது, இரண்டு பேரும் எனக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அதைக் கிளப்புவதுதான் பெரிய பாடு. எஞ்சின் தலையில் ஒரு சின்னப் பிளக் இருக்கும். அதற்குள் உள்ள கம்பிச் சுருள் முதலில் சிவக்கச் சூடாக வேண்டும். அதற்கு ஒரு கையால், ஒற்றைப் பற்றரி போட்ட பிடியைப் பிளக்கின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றக் கையால் பின்பக்கக் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். கயிறு ஒரு சாண் அளவுதான் வரும். வள்ள எஞ்சினை இழுத்துப் பழகியவருக்கு அது பெரிய சோதனை. "அத்தான், உது வள்ளம் இல்லை, மெல்ல, மெல்ல" என்று தம்பி கத்திக்கொண்டே இருப்பான். அவன் திரும்பிப் போகும்போது லொறியையும் எண்ணெய் டின்கள் சிலவற்றையும் அவரிடமே விட்டுவிட்டுப் போனான்.

பிறகு சண்டை திரும்பவும் வந்தது. குண்டுச் சாமான் என்று ஆமி நினைத்துவிடும் என்ற பயத்தில், டின்களில் இருந்த நைட்ரோ என்ற எழுத்தை நான் கத்தியால் சுரண்டி, குசினியில் வினாகிரிப் போத்தல்களுக்குப் பின்னால் ஒதுக்கினேன். அதற்குப் பிறகு சில வாரங்களில் கடைக்கு முன்னால் றோட்டில் ஷெல் விழுந்து, ஒரு துண்டு அவருடைய வலது மணிக்கட்டை அறுத்துக்கொண்டு போனது. கையைக் காப்பாற்றினார்கள். ஐந்து விரலும் இருந்தன. ஒன்றும் சொன்ன சொல் கேட்காது.

கடையைப் பூட்டினார். கதையையும் குறைத்துக்கொண்டார். கதிரையில் இருந்து வாசலைப் பார்த்தபடியே நாள் போகும். ஒரு பின்னேரம் பின்வளவில் சத்தம் கேட்டு ஓடிப் போனேன். லொறியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பற்றரிப் பிடியைப் பிளக்கில் கொளுவிவிட்டு, இடக்கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் பார்க்க, வள்ள எஞ்சினை இழுக்கிற மாதிரித் தோளிலிருந்து ஒரு இழுவை இழுத்தார். கயிறு அடியோடு அறுந்து கையில் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஷெல்லுக்கு ஒன்றும் சொல்ல முடியாதே, அதனால் லொறிக்குச் சொன்னேன்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்தேன். அவனுக்கு எங்கள் நிலைமை எங்கே விளங்கும்? சந்தைக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினான். "அக்கா, மூண்டு வழி இருக்கு. ஒண்டு, திரும்பவும் கயிறு. ரெண்டாவது, ஒரு பெட்டி. லொறியை அதுக்கு மேல வைச்சு அமத்தினாக் கீழ சில்லு சுத்திக் கிளப்பும். ஆனா மோட்டச்சைக்கிள் பற்றரி வேணும். மூண்டாவது, கைத் துவக்கு மாதிரி ஒண்டு. பின்னால செருகி விசையை அமத்தினாச் சரி. அதுக்கும் பற்றரிக் கட்டு வேணும்..."

"டேய், வாயை மூடு! துவக்கு, பற்றரி எண்டு போனில கதைக்கிறியே, விசரா?" என்றேன். போனை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆமிக்காரனுக்கு எங்களை அள்ளிக்கொண்டு போக இந்த இரண்டு சொல் போதும்.

பெட்டி முதலிலேயே கழிந்தது. அவ்வளவு பெரிய சாமானை யார் கொண்டுவருவது? மிச்சம் இரண்டு. கணவர் கயிறு என்றார். "பற்றரியும் வயரும் கொண்டு இந்த நேரத்தில பஸ்ஸில வாறதே? கயிறு எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டான்." நியாயமான கதை. ஆனால் என் நாக்கு சும்மா இருக்காது. "கயிறை ஆர் இழுக்கிறது? நானோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பற்றரிச் சாமானையே அனுப்பச் சொன்னேன். ஒரு கையால், ஒருவரையும் கூப்பிடாமல் அவரே கிளப்ப வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சில மாதம் கழித்து, கனடாவிலிருந்து வந்த ஒருவர் மூலம் சாமான் கொழும்புக்கு வந்தது. டொக்டரிடம் கையைக் காட்ட எப்படியும் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. போனோம், காட்டினோம், "பயிற்சி செய்யுங்கோ" என்றார்கள், சாமானை எடுத்தோம். திரும்ப வருகிற அன்று காலை, நாங்கள் நின்ற உறவினர் வீட்டில் நான்தான் மூட்டை கட்டினேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிழக்கே, அப்போது இயக்கத்தின் கையில் இருந்த ஊரில். குண்டுக்குப் பாவிப்பார்கள் என்று எங்கள் ஊருக்குப் பற்றரி கொண்டுபோக ஆமி தடை போட்டிருந்தது. றேடியோ கேட்க வேண்டுமென்றால், ரோச் லைற் எரிய வேண்டுமென்றால், யாராவது ஒளித்துத்தான் கொண்டுவர வேண்டும். பெண்கள் பாணுக்குள் வைத்துக் கொண்டுவருவோம். பாணின் அடியில் வட்டமாக வெட்டி, உள்ளே பஞ்சு மாதிரி இருப்பதை எடுத்துவிட்டு, பற்றரிகளைப் பொலித்தீனில் சுற்றி, ஆடி ஒன்றோடொன்று தட்டாமல் நூலால் ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, உள்ளே தள்ளி, வெட்டிய வட்டத்தைத் திரும்ப அடைப்போம். அதில் நான் பேர்போன கெட்டிக்காரி. ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பற்றரி கொண்டுவர அப்போது தடை ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பற்றரிக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததும், ஆறு பற்றரி ஒட்டி, நீல உறை போட்டு, சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தொங்க நின்ற அதைக் கண்டதும், என் கைகள் என்னைக் கேட்கவே இல்லை. வழியில் தின்ன வாங்கியிருந்த பாணை எடுத்தேன். ஏழு சுற்று, ஒரு முடிச்சு. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவார் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. இலேசான பை என்று பாண் பையை அவரிடம் கொடுத்தேன்.

பின்னேரம் மூன்று மணிபோல, நகரத்துக்கு முன்னால் உள்ள சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தோம். எங்கள் முறை வந்தபோது அவர் கனடாச் சாமான் இருந்த பெட்டியைத் தானே திறந்து, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளையாட்டுச் சாமான் என்றார். நேர்மையான மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார். சிப்பாய் துவக்கு மாதிரி இருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தான். படத்தில் நீலக் கட்டு இருந்தது. பெட்டிக்குள் அது இருந்த இடம் பள்ளமாக, வெறுமையாக இருந்தது.

"பற்றரி கோ?" என்றான். எங்கே என்கிறான்.

கணவர் பெட்டிக்குள் விரலை விட்டுத் தேடினார். கீழே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சிப்பாய் எங்கள் பைகளை ஒவ்வொன்றாகக் கொட்டினான். கடைசியில் பாணைத் தூக்கினான். தூக்கிய கை கீழே இறங்கியது, பாணுக்கு அந்தப் பாரம் வராது. இரண்டாகப் பிய்த்தான். உடனே பின்வாங்கிக் கத்தினான். நாலைந்து பேர் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். பஸ்ஸில் எங்களோடு வந்தவர்கள் எங்களிடமிருந்து விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதிகாரி ஒருவர் வந்தார். இளம் வயது, கண்ணாடி போட்டவர். வரிசையில் நின்ற கிண்ணியா வியாபாரி ஒருவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அந்த நானா தன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஆர் இதை ஒளிச்சு வைச்சதெண்டு கேக்கிறார்" என்றார்.

"நான்தான்" என்றார் என் கணவர்.

"இல்லை, நான்" என்றேன் நான், அதே மூச்சில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீர் பேசாம இரும்" என்றார். அந்தக் காலத்தில் இப்படிச் சாவடிகளில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதிகாரிக்குச் சந்தேகம் கூடிவிட்டது. இரண்டு பேர் ஒரே குற்றத்துக்கு அடிபடுகிறார்கள் என்றால் உள்ளே பெரிய விஷயம் இருக்கத்தானே வேண்டும்? எதற்கு ஒளித்தாய், இப்படி ஒளிக்க எங்கே படித்தாய் என்று என்னைக் கேட்டார். அதற்கு உண்மையான பதில் ஒன்றுதான். என்னைக் காப்பாற்ற வேண்டிய அந்தப் பதிலே என்னைக் கவிழ்க்கவும் போதும். நான் ஊரின் பேரைச் சொல்லி, தடையைச் சொல்லி, பாணின் கதையைச் சொன்னேன். நானா தயங்கினார். "தங்கச்சி, ஊர்ப் பேரையும் சொல்லவா?" என்று மெல்லக் கேட்டார்.

"சொல்லுங்கோ நானா."

அவர் சொன்னார். அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். லிங்கநகர் விலாசத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். உடனே என் கணவர் குறுக்கே வந்து, "அவவுக்கு ஒண்டும் தெரியாது. பாண் என்ர கையில இருந்தது. நான்தான் கட்டினனான்" என்றார். நானா அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அதிகாரி பற்றரிக் கட்டைக் கையில் எடுத்தார். என்னுடைய முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நூலை அறுக்காமல், நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். பொலித்தீனையும் நூலையும் பற்றரியையும் மேசையில் வைத்துவிட்டு என் கணவரிடம் ஏதோ சொன்னார்.

"இதே மாதிரித் திரும்பக் கட்டிக் காட்டட்டாம்" என்றார் நானா.

என் கணவர் மேசைக்குக் கிட்டப் போனார். பொலித்தீனை இடக்கையால் சுற்றினார், விட்டதும் அவிழ்ந்தது. வலது கையின் புறத்தால் அழுத்திக்கொண்டு நூலைச் சுற்றினார். இரண்டு சுற்றில் கட்டு உருண்டு நிலத்தில் விழுந்தது. குனிந்து எடுத்தார். நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினார். நாலு சுற்று வரைக்கும் வந்தது. முடிச்சுப் போடுவதற்கு வலது கை விரல்களைப் பார்த்தார். அவை நீட்டினபடியே நின்றன. மூன்றாம் தரமும் தொடங்கினார். ஆமிக்காரப் பெடியன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டில் எனக்குக்கூடக் காட்டாத அந்தக் கையை, அவர் அத்தனை பேருக்கு முன்னால் வைத்து வேலை வாங்கிக்கொண்டு நின்றார்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. "விடுங்கோ!" என்று கத்திக்கொண்டு போய் நூலைப் பறித்தேன். ஏழு சுற்று, ஒரு முடிச்சு. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதிகாரிக்கு முன்னால் போட்டேன்.

அவர் முடிச்சைப் பார்த்தார். என் கணவரின் கையைப் பார்த்தார். வயரைச் சாமானில் கொளுவி விசையை அமத்திப் பார்க்கச் சொன்னார். அது விர்ரென்று சுற்றியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியில் இருந்த லொறிப் படத்தைக் காட்டி நானா தன் பங்குக்கு நிறையச் சொன்னார். கடைசியில் அதிகாரி பற்றரிக் கட்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். என் அடையாள அட்டையின் விபரத்தை ஒருவன் கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தப் பயம் எனக்குப் பல மாதம் இருந்தது.

பஸ் காத்துக்கொண்டு நின்றது. ஏறி இருந்தோம். நானா முன்சீற்றில் இருந்து திரும்பிப் பார்த்து, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். கணவர் குடிக்கவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்னைத் திட்டுவார், திட்டட்டும், திட்டினால் நல்லது என்று காத்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "அந்த முடிச்சைக் கொஞ்சம் லேசாப் போட்டிருக்கலாம்" என்றார். "நான் கட்டியிருப்பன்."

"கட்டி?" என்றேன். "கட்டிப்போட்டு எங்க போறதுக்கு? எனக்குப் பதிலா ஆமிக்காம்புக்கோ?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சனம் பார்க்கிறது என்றும் நினைக்காமல், பஸ் ஊருக்குள் நுழையும்வரை அழுதழுது அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு சொல்லும் மறுக்காமல் கேட்டுக்கொண்டே வந்தார்.