கோதண்டம் மேஸ்திரி போடவிடாத பலகை

கோதண்டம் மேஸ்திரி போய்விட்டார் என்று எளாவூர் டீக்கடையில்தான் கேட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கருமாதியன்று கொடுக்கும் நினைவு மலருக்கு அவர் பிள்ளைகள் நீங்கள் நாலு வார்த்தை கேட்கிறீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாதீர்கள்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் போடுவது எங்கள் வேலை. அவரிடம் இருந்தவர்களுக்குத் தெரியும், கூரைமேல் கால் வைத்து நடக்கப் பலகை போட விடமாட்டார். "பலகையத் தூக்கிக்கினு அலைஞ்சா தீபாவளிக்குத்தான் முடிப்பீங்க. போல்ட்டு மேல கால வெச்சி நட, நைனா" என்பார். போல்ட்டுக்குக் கீழே இரும்பு இருக்கும், தாங்கும். ஆனால் இரும்பு உருக்கும் ஆலையில் கூரை முழுக்கப் புகைக்கரி அப்பிக் கிடக்கும். வெளிச்சத்துக்காக நடுநடுவே வைத்த பிளாஸ்டிக் ஷீட்டும் சிமெண்ட் ஷீட்டும் ஒரே கறுப்பு.

சில வருஷம் முன்பு அப்படியொரு கூரையில் எங்களோடு வேலை பார்த்த சாமுவேல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தான். வைத்த இடம் பிளாஸ்டிக், உடைந்து கீழே போனான். நான் இறங்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

ஆலைக்காரர்களிடம் மேஸ்திரி, "குடிச்சிட்டு ஏறிட்டான் சார், நான் இன்னா பண்றது?" என்றார். அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு. சாம்பல் புதனிலிருந்து சாமுவேல் பீடியைக்கூடத் தொடவில்லை. அதைச் சொன்னேன். "உன்ன யாராவது கேட்டாங்களா?" என்றார். அன்றோடு அவரிடம் வேலைக்குப் போவதை விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு ஊருக்குள் போய்விட்டது. சாமுவேல் மனைவி எஸ்தர் குழாயடிக்கு வந்தால் 'குடிகாரன் பொண்டாட்டி' என்றார்கள். அவள் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களும் அதைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள்.

போன ஆடியில் மேஸ்திரி வீட்டுக் கூரை ஒழுகியது. அவருக்கு மூச்சு வாங்கும், ஏற முடியாது. வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் பலகைகளோடு போனேன். பாதிக் கூரையைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் உட்கார்ந்துகொண்டேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடா குந்திக்கினே? மழ வருது!"

"சாமுவேல் அன்னிக்குக் குடிச்சிருந்தானா மேஸ்திரி?"

"பேஜாரு பண்ணாத. செத்தவன இன்னாத்துக்கு இழுக்கற?"

"இழுத்தது நீங்கதான். நெசத்தச் சொல்லுங்க, மூடறேன்."

தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. "குடிக்கல" என்றார்.

"எஸ்தர் ஊட்டாண்ட வந்து சொல்லுங்க."

"அது மட்டும் ஆவாது."

மூடிக் கொடுத்தேன். நான் சொன்ன சொல்லுக்காக மூடினேன், அவருக்காக அல்ல. அதனால் அவர் நனையாமல் செத்தார்.

மலரின் முதல் பக்கத்தில் 'எங்களைத் தாங்கிய கூரை' என்று போடப் போகிறீர்களாம். போடுங்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது 'குடிக்கல' என்ற ஒரு சொல். ஆளில்லாத தெருவில் சொன்னார். அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுங்கள். அச்சானதும் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள். எஸ்தருக்குப் படிக்கத் தெரியும்.