கோடு போடாத கட்டம்

ஓய்வு பெறப்போகும் தோட்டத் தொழிலாளர்களிடம் விவரம் எடுக்க பிரிஞ்சாங் ஆபீஸிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ரப்பர் பூட்ஸ், ஆம்பளை ஸ்வெட்டர், கொழுந்துக் கறை போகாத விரல்கள். அடுத்த மாதம் வேலை முடிகிறது. தோட்டம் கொடுத்த லைன் வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மலைக் குளிரில் தேநீர் ஆறிப்போகும்வரை ஜெபித்தார். நான் முருகனைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் குடிக்காமல் காத்திருந்தேன்.

“இனிமே எங்கம்மா இருப்பீங்க?”

“தெரியலையே சார்.”

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது, குறுக்கே கோடு போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ‘புதிய முகவரி’ கட்டத்தில் பேனாவை வைத்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

“கோடு போடாதீங்க சார். ஆண்டவர் ஒரு எடம் வச்சிருப்பார் லா.”

“பயமா இல்லையா?”

“பயமாத்தான் இருக்கு. தூக்கமே வரல. அதுக்காக நீங்க கோடு போட்டுறலாமா?”

அப்படியே விட்டுவிட்டேன். படிவம் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது: நிரப்பவும், அல்லது கோடு போடவும். அதற்குள் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று லைனில் யாருக்கும் தெரியவில்லை.

படிவம் என் மேசை டிராயரில் கிடக்கிறது. அவருடைய ஆண்டவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோடு மட்டும் இன்னும் போடவில்லை.